முதல் வரியில் மகமை

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், பரணில் இருந்த டிரங்குப் பெட்டியை இறக்கினோம். உள்ளே இரண்டு வேட்டி, பழைய ரேஷன் கார்டு, ரப்பர் பேண்டு போட்ட ரசீதுக் கட்டு, எல்லாவற்றுக்கும் அடியில் பதினோரு நோட்டுகள். சிவப்பு அட்டை போட்ட, நீளவாக்கில் இருக்கும் கணக்கு நோட்டுகள். மண்டியில் சித்திரை மாதப் புதுக்கணக்குக்கு வாங்கியதில் மிஞ்சுவதை வீட்டுக்குக் கொண்டுவருவார். அதில்தான் எங்கள் வீட்டு வரவு செலவு.

மாதத்துக்கு ஒரு பக்கம். உச்சியில் பிள்ளையார் சுழி. அதற்குக் கீழே முதல் வரியில் எல்லாப் பக்கத்திலும் ஒரே சொல்: மகமை. அப்புறம்தான் வாடகை, பால், மளிகை, பள்ளிக்கூடச் சம்பளம், சீட்டு எல்லாம்.

மகமை 3.00. மகமை 5.00. 1987இல் அக்கா மஞ்சள் காமாலையில் படுத்த மாதம் மகமை 0.50. அதற்கடுத்த மாதம் அந்த வரியில் தொகை எதுவும் இல்லை, ஒரு சின்னக் கோடு மட்டும். அதற்கும் அடுத்த மாதம் இப்படி எழுதியிருந்தார்: 'மகமை, சென்ற மாத பாக்கி உள்பட, 4.00.'

அந்தப் பக்கத்தைப் பார்த்தபடி ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். யாரும் கேட்டு வராத ஒரு தொகை. கொடுக்காவிட்டால் ஒருவரும் ஏனென்று கேட்கப் போவதில்லை. அதற்குப் போய் பாக்கி எழுதி, அடுத்த மாதம் அதைத் தீர்த்தும் இருக்கிறார்.

அப்பா விருதுநகரில் ஒரு பருப்பு மண்டியில் 31 வருஷம் கணக்குப்பிள்ளையாக இருந்தார். மகமை என்றால் என்னவென்று தெற்கத்திப் பஜார்களில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மண்டிக்குச் சரக்கு வந்து விற்றுப் போகும்போது போடுகிற பில்லில் கமிஷன், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, சாக்கு என்று வரிசையாகப் பிடித்தங்கள் இருக்கும். அந்த வரிசையில் மகமை என்றும் ஒரு வரி இருக்கும். மூட்டைக்கு இவ்வளவு அல்லது விற்ற தொகையில் இவ்வளவு என்று சின்னத் தொகை. அது முதலாளிக்குப் போகாது. தனியாக ஒதுங்கி, ஊர்ப் பொதுவுக்குப் போகும். கோயில், குளம், கிணறு, பள்ளிக்கூடம் என்று எதற்குத் தேவையோ அதற்கு. லாபமா நஷ்டமா என்று பார்த்து எடுப்பதில்லை. பருப்பு விலை விழுந்து முதலாளி கையைப் பிசைந்துகொண்டு நிற்கும் நாளிலும் மூட்டை நகர்ந்தால் மகமை விழும்.

இந்த வழக்கம் எப்படி வேர் பிடித்தது என்பது பெரிய கதை. 19ஆம் நூற்றாண்டில் சிவகாசி, விருதுப்பட்டி, அருப்புக்கோட்டை, திருமங்கலம், பாளையம்பட்டி, சாத்தங்குடி ஆகிய ஆறு ஊர்களில் நாடார் சமூக வியாபாரிகள் காலூன்றினார்கள். விருதுப்பட்டிதான் இன்றைய விருதுநகர். கோயிலுக்குள் விடமாட்டார்கள், பல தெருக்களில் நடக்கவிடமாட்டார்கள். மாட்டு வண்டியில் சரக்கு ஏற்றிப் போனால் வழிப்பறி. இரவில் வண்டியையும் மாட்டையும் பத்திரமாக நிறுத்துவதற்குச் சுவர் எழுப்பிய பேட்டைகளைக் கட்டினார்கள். அதற்கான செலவைப் பங்குபோட்டதில்தான் மகமை வலுப்பெற்றது. உறவின்முறை என்ற ஊர்ச்சபை அந்தப் பணத்தைப் பார்த்துக்கொண்டது. செட்டிநாட்டு நகரத்தாரிடமும் மகமை உண்டு. கடைக் கணக்கிலேயே சாமி பேரில் ஒரு பற்று வரவு வைத்து, அதற்கு வட்டியும் சேர்த்துக்கொண்டு வருவார்கள். சாமியும் கடையில் ஒரு கணக்குக்காரர் என்பது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு.

விருதுநகரில் 1889இல் சத்திரிய வித்யாசாலா பள்ளி தொடங்கியது இந்தப் பொதுப்பணத்தில்தான். மகமை போதாமல் வீட்டுக்கு வீடு பிடி அரிசியும் வாங்கினார்கள். அடுப்பில் உலை வைக்கும் பெண்கள் ஒவ்வொரு நாளும் ஒரு பிடியைத் தனிக் கலயத்தில் போட்டு வைப்பார்கள். அதைச் சேர்த்து விற்றுப் பள்ளிக்கூடம் நடந்தது. 1903இல் பிறந்து அந்தப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரைக்கும் படித்த ஒரு பையன் 1954இல் முதலமைச்சர் ஆனார். 1956இல் காமராஜர் பள்ளிக்கூடங்களில் மதிய உணவை விரிவாக்கியபோது அவருடைய மனதில் அந்தக் கலயங்கள் இருந்தனவா என்று யாரும் நிரூபிக்க முடியாது. இருந்திருக்கும் என்றுதான் நான் நம்புகிறேன். விருதுநகரில் பிறந்தவனுக்கு வேறு மாதிரி நினைக்க வரவில்லை.

இப்போது என் கதை.

நானும் கணக்கு எழுதுகிறவன்தான். 1998இல் சென்னைக்கு வந்து ஒரு ஆடிட்டர் ஆபீசில் சேர்ந்தேன். மேன்ஷன் அறையில் மூன்று பேரோடு இருந்தபோது ஒரு லட்சம் கையில் சேர்ந்தால் போதும் என்று நினைத்தேன். அது உண்மையான நினைப்பு, பேச்சுக்குச் சொல்வதில்லை. ஒரு லட்சம் சேர்ந்தது. உடனே பத்து லட்சம் என்றது மனசு. பத்து வந்ததும் பிளாட், பிளாட்டுக்கு அப்புறம் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு மனை, மனைக்கு அப்புறம் மகனின் படிப்புக்கு, அதற்கப்புறம் நம் வயோதிகத்துக்கு. ஒவ்வொன்றுக்கும் நியாயமான காரணம் இருந்தது. அதுதான் இதில் பயங்கரம். பேராசைக்காரன் என்று என்னை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பொறுப்பான ஆள் என்று சொன்னார்கள்.

கம்ப்யூட்டரில் ஒரு அட்டவணை வைத்திருந்தேன். பிஎஃப், வைப்புநிதி, மியூச்சுவல் ஃபண்ட், தங்கம், மனையின் இன்றைய மதிப்பு எல்லாம் சேர்த்துக் கீழே ஒரு கூட்டுத்தொகை. முதலில் மாதம் ஒருமுறை பார்த்தேன். பிறகு அதைப் போனில் ஏற்றிக்கொண்டேன். ராத்திரி பதினொரு மணிக்கு, வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, படுத்தபடியே திறந்து அந்த ஒரு எண்ணைப் பார்ப்பேன். கூடியிருந்தால் கொஞ்ச நேரம் நிம்மதி. குறைந்திருந்தால் தூக்கம் போகும். கூடியிருந்தாலும் காலையில் அந்த நிம்மதி இருக்காது.

அந்த நாட்களில்தான் சித்தப்பா போன் செய்தார். அவருடைய மகனுக்கு பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்திருந்தது. இருபதாயிரம் குறைகிறது, அறுப்பு முடிந்ததும் கொடுத்துவிடுகிறேன் என்றார். 'இந்த மாசம் கொஞ்சம் டைட்டா இருக்கு சித்தப்பா' என்று சொன்னேன். பொய் சொல்கிறோம் என்றே எனக்குத் தோன்றவில்லை. அட்டவணையில் இருந்த ஒவ்வொரு ரூபாய்க்கும் ஒரு பெயர் வைத்திருந்தேன் அல்லவா, பெயரில்லாத இருபதாயிரம் எங்கே இருக்கிறது? அவர் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தார். 'சரிய்யா, பாத்துக்கிடலாம். பிள்ளை நல்லாருக்கானா?' என்று கேட்டுவிட்டு வைத்தார். காட்டை ஒத்திக்கு வைத்துப் பணம் கட்டினார் என்று பிறகு தெரிந்தது.

அப்பாவின் நோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அன்றைக்கு அந்தக் குரல்தான் காதில் கேட்டது. அப்பாவுக்கு மாதச் சம்பளம் 480 ரூபாய் இருந்த காலத்தில் மகமைக்கு ஐந்து ரூபாய் இருந்தது. எனக்கு இல்லை.

தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும் என்று நம்மிடம் ஒரு பழமொழி உண்டு. கடன் வாங்கித் தர்மம் செய்யாதே, பெண்டாட்டி பிள்ளையைப் பட்டினி போட்டு வள்ளல் பெயர் எடுக்காதே என்ற பொருளில் அது சரியான பேச்சு. ஆனால் நாம் அதை அப்படியா வைத்திருக்கிறோம்? மிஞ்சட்டும், பார்க்கலாம் என்று வைத்திருக்கிறோம். மிஞ்சாது. கணக்கு எழுதுகிறவன் அனுபவத்தில் சொல்கிறேன், கடைசி வரியில் வைத்த எதற்கும் பணம் வந்து சேராது. மேலே இருக்கும் வரிகள் எல்லாம் சேர்ந்து தின்றுவிடும். வருமானம் இரட்டிப்பானால் மேலே இருக்கும் வரிகளும் இரட்டிப்பாகும். பெரிய பெரிய ஆட்களின் கணக்கையும் பார்த்திருக்கிறேன், அவர்களுக்கும் இதே கதிதான். மிஞ்சுவது என்ற ஒன்று தானாக வருவதில்லை, முதலில் எடுத்து வைத்தால்தான் உண்டு.

மகமையைக் கண்டுபிடித்தவர்கள் வியாபாரிகள். துறவிகள் வகுத்திருந்தால் அது வேறு மாதிரி இருந்திருக்கும். காசின் குணம் தெரிந்தவர்கள் என்பதால்தான் அதை லாபத்தில் வைக்கவில்லை, மூட்டையில் வைத்தார்கள். லாபம் என்பது நம் கையில் இருக்கும் எண். கூட்டலாம், குறைக்கலாம், இந்த வருஷம் சரியில்லை என்று சொல்லலாம். மூட்டை அப்படிக் கிடையாது. நகர்ந்தால் நகர்ந்ததுதான். அதனால் கொடுக்கலாமா வேண்டாமா என்று மனசு வாதாடுவதற்கு இடமே வைக்கவில்லை.

இதைச் சட்டமும் ஒருவகையில் ஒப்புக்கொண்டிருக்கிறது. வடக்கே மகமையைப் போன்ற வழக்கத்துக்கு தர்மாதா என்று பெயர். உத்தரப் பிரதேசத்துப் பஞ்சாலை ஒன்று, விற்பனை பில்லில் தர்மாதா என்று வாங்கிய தொகைக்கு வருமான வரி கட்ட வேண்டுமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1979இல் தீர்ப்பு வந்தது. அந்தப் பணம் கைக்கு வரும்போதே தர்மத்துக்கென்று குறிக்கப்பட்டு வருகிறது, ஆகவே அது ஆலையின் வருமானமே ஆகாது என்றார்கள் நீதிபதிகள். தேர்வுக்குப் படித்தபோது இதை வெறும் ஒரு வழக்காக மனப்பாடம் செய்தவன் நான். கைக்கு வரும்போதே நம்முடையதாக இல்லாத பணம் என்ற அந்த எண்ணத்தின் அழகு நாற்பது வயதுக்கு மேல்தான் புரிந்தது. என்னுடையதை எடுத்துக் கொடுக்கிறேன் என்றால் வலிக்கும், அல்லது தலை கனக்கும். மகமையில் இரண்டுக்கும் வழியில்லை. பில்லில் அந்த வரிக்குக் கொடுத்தவர் பெயர் இருக்காது. விற்றவர் கொடுத்ததா, வாங்கியவர் கொடுத்ததா என்றுகூடப் பிரித்துச் சொல்ல முடியாது.

பெயர் போட்டுக் கொடுப்பது தப்பு என்று சொல்ல வரவில்லை. காரைக்குடியில் ஒரு பரீட்சை வேலையாக நான்கு நாள் தங்கியிருந்தபோது அழகப்பர் பெயரில்லாத திசையே கண்ணில் படவில்லை. 1947 ஜூலையில் சென்னையில் அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழாக் கூட்டம். வசதி உள்ளவர்கள் கல்லூரிகள் தொடங்க முன்வர வேண்டும் என்று துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார் பேசினார். கேட்டுக்கொண்டிருந்த அழகப்பச் செட்டியார் அங்கேயே எழுந்து காரைக்குடியில் கல்லூரி தொடங்குகிறேன் என்றார். அடுத்த மாதமே கல்லூரி தொடங்கியது. மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தைத் தன் ஊருக்குக் கொண்டுவர 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலையில் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். மகளிர் கல்லூரிக்குத் தான் குடியிருந்த வீட்டையே கொடுத்துவிட்டார். 1957 ஏப்ரல் 5இல் அவர் இறந்தபோது 48 வயது நிறைய ஒரு நாள் பாக்கி. சம்பாதித்த வேகத்திலேயே கொடுத்த மனிதர். அந்த மரங்களுக்கு நடுவே நடக்கும்போது எனக்குக் கண் கலங்கியது உண்மை.

ஆனால் என்னைப் போன்றவன் அழகப்பரைப் பார்த்துக் கும்பிடத்தான் முடியும். அவர் அளவுக்கு வரும்போது செய்யலாம் என்று மறுபடியும் தள்ளிப்போடத்தான் அந்தக் கும்பிடு பயன்படும். எனக்கு மருந்து அந்த 0.50 தான்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அப்பா வேலை பார்த்த மண்டியில் மகமை ஒரு பைசா தவறாது. அதே மண்டியில் அக்காவின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு அப்பா இருநூறு ரூபாய் முன்பணம் கேட்டபோது முடியாது என்றார்கள். சுமை தூக்குகிறவர்களின் கூலி வாரக்கணக்கில் இழுபடும். ஊருக்குக் கொடுக்கும் கை, பக்கத்தில் நிற்பவனுக்கு மூடிக்கொள்வது புதிய விஷயம் இல்லை. அப்பா அதைப் பற்றி என்னிடம் ஒரே ஒருமுறைதான் பேசினார். 'கூலியக் கொடுத்துட்டுல்லய்யா மகமைய எழுதணும்' என்றார். அதற்குமேல் முதலாளியைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. இன்னொன்றும் உண்டு. மகமை பெரும்பாலும் அவரவர் சாதிக்குள் சுழன்ற பணம். ஒதுக்கப்பட்டவர்கள் தங்களைத் தாங்களே தூக்கி நிறுத்திக்கொள்ள அது தேவைப்பட்டது, அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் இன்று நான் எழுதும் மகமைக்கு அந்த வேலி இருக்கக் கூடாது என்று முடிவு செய்தேன்.

ஊரிலிருந்து திரும்பிய மாதமே, சம்பளக் கணக்கிலிருந்து ஒன்றாம் தேதி தானாகப் பணம் போகும்படி வேறொரு வங்கிக் கணக்குக்கு ஏற்பாடு செய்தேன். பிளாட் கடன் தவணை ஐந்தாம் தேதி, சீட்டு ஏழாம் தேதி. இது அவற்றுக்கு முன்னால். நூற்றுக்கு மூன்று. மனைவியிடம் சொன்னபோது அவள் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, 'மாமா நூத்துக்கு ஒரு ரூபா சொச்சம்தானே போட்டிருக்காரு, நமக்கு அஞ்சு போடலாமே' என்றாள். இப்போது ஐந்து.

முதல் சில மாதங்கள் உறுத்தியது. மாதக் கடைசியில் கை கடிக்கும்போது அந்தக் கணக்கில் கிடக்கும் பணம் ஞாபகம் வரும். ஒருமுறை எடுத்தும்விட்டேன், வண்டி ரிப்பேருக்கு. அப்பாவின் நோட்டில் இருந்த அந்தச் சின்னக் கோடு நினைவுக்கு வந்து, அடுத்த மாதம் பாக்கியைச் சேர்த்துப் போட்டேன்.

பிறகு எதிர்பாராத ஒன்று நடந்தது. பணம் அங்கே சேர்கிறது, அதை யாருக்காவது கொடுத்தாக வேண்டும். யாருக்கு என்று தேட ஆரம்பித்தேன். பதினெட்டு வருஷமாக ஒரே அடுக்குமாடியில் இருக்கிறேன், வாட்ச்மேன் அண்ணனுக்கு நர்சிங் படிக்கிற மகள் இருப்பதே தெரியாது. இரண்டாம் வருஷத்தோடு நின்றுபோக இருந்தாள். அவர் என்னிடம் கேட்கவில்லை. கேட்கிற மாதிரி நான் நடந்துகொண்டதும் இல்லை. நானாகப் போய்ப் பேசியபோது முதலில் வேண்டாம் சார் என்று ஒதுங்கினார். 'இது என் காசு இல்லண்ணே, எங்கப்பா பேர்ல ஒரு கணக்கு இருக்கு, அதுல இருக்கு' என்றேன். அது அவருக்கும் சௌகரியமாக இருந்தது, எனக்கும் சௌகரியமாக இருந்தது. கட்டணம் கட்டிய ரசீதை நாலாக மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றதற்கு, 'கணக்குக்கு வேணும்ல சார்' என்றார். டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

சித்தப்பாவிடமும் போனேன். மகன் பாலிடெக்னிக் முடித்து ஓசூரில் வேலையில் இருக்கிறான், ஒத்திக்கு வைத்த காட்டையும் மீட்டாயிற்று. அவருக்கு என் பணம் இப்போது தேவையில்லை. திண்ணையில் உட்கார்ந்து அன்றைக்குச் சொன்னது பொய் என்று சொன்னேன். 'தெரியும்யா' என்றார். வெயிலில் காய்ந்த மல்லியைக் கிளறிவிட்டு வந்து காபி போடச் சொன்னார். அந்தக் கடனை மட்டும் தீர்க்க வழியில்லை.

அட்டவணை இன்னும் இருக்கிறது. வைப்புநிதியும் இருக்கிறது, மனையும் இருக்கிறது, எதையும் நான் துறந்துவிடவில்லை. ராத்திரியில் அதைத் திறப்பது எப்போது நின்றது என்று சரியாக நினைவில்லை. இப்போது வரி கட்டும் சமயத்தில் பார்ப்பதோடு சரி. ஏன் நின்றது என்று யோசித்திருக்கிறேன். அந்தக் கூட்டுத்தொகை முழுவதும் என்னுடையது என்று நம்பிய வரைக்கும் அதைக் காவல் காக்க வேண்டியிருந்தது. அதில் ஒரு பகுதி வரும்போதே என்னுடையது இல்லை என்று ஆன பிறகு மீதிமேலும் பிடி கொஞ்சம் தளர்ந்துவிட்டது. சனி, ஞாயிறில் தனியாகக் கணக்கு பார்த்துக் கொடுக்கும் ஒரு வேலை வந்தது, நல்ல பணம். எதற்கு என்று கேட்டுக்கொண்டேன். பதில் வரவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பத்து வருஷத்துக்கு முன்னால் எனக்கு அந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

அப்பாவின் மகமை யாருக்குப் போனது என்று அம்மாவிடம் கேட்டேன். 'என்னத்தச் சொன்னாரு, சம்பளத்தன்னைக்குச் சட்டைப் பையில தனியா வச்சுக்கிட்டுப் போவாரு, வரும்போது இருக்காது' என்றாள். நோட்டில் ஜூன் மாதங்களில் மட்டும் தொகை கூடியிருப்பதைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தாள். பள்ளிக்கூடம் திறக்கிற மாசம் என்று மெதுவாகச் சொன்னாள். மண்டியில் மூட்டை தூக்கியவர்களுக்குப் பிள்ளைகள் நிறைய.

அம்மா இப்போது எங்களோடு சென்னையில் இருக்கிறாள். எலக்ட்ரிக் குக்கரில் அவளே சோறு வைப்பாள். டம்ளரால் அரிசியை அளக்கும்போது ஒன்று என்று சொல்ல மாட்டாள். லாபம், ரெண்டு, மூணு என்றுதான் எண்ணுவாள், விருதுநகர் வீட்டில் எண்ணிய மாதிரியே. களைவதற்கு முன்னால் பாத்திரத்துக்குள் கையை விட்டு, ஒரு பிடி அள்ளி, பக்கத்தில் இருக்கும் டப்பாவில் போடுவாள். முன்பு கலயமாக இருந்தது, இங்கே ஹார்லிக்ஸ் பாட்டில். எங்கள் நாலு பேருக்கு மூன்று டம்ளர் சரியாக இருக்கும், அந்தப் பிடி போனால் குறையுமே என்று மகன் ஒருநாள் கேட்டான்.

'குறையட்டுமே' என்று சொல்லிவிட்டுத் தண்ணீரை ஊற்றிக் களைய ஆரம்பித்தாள்.

நேற்று பாட்டில் நிறைந்திருந்தது. கீழே இஸ்திரி போடும் அக்கா வீட்டில் கொடுத்துவிட்டு, பாட்டிலை மறக்காமல் வாங்கி வரச் சொல்லி மகனை அனுப்பினாள்.